உவர்ப்பின்மையும் முகத்து உரோமமும்

பெண்மக்களின் மேலுதட்டிலும் மோவாயிலும் முளைக்கும் உரோமத்தைக் குறித்து, அறநெறி பேசும் இக்காலாண்டிதழில் எழுதுதல் தகுமோ என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பையே ஈண்டு ஆராய விழைகிறேன். நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டு, வினைகளின் பகுப்பில் ஓர் இடமும் ஒதுக்கியுள்ளனர்.

அண்மையில் தாம்பரத்தில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்த சாத்திர வாசிப்பின்போது முனிவர்க்குரிய 28 மூலகுணங்கள் விளக்கப்பட்டன. கேசலோசம் பற்றிய பகுதி முடிந்ததும் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, "மயிரைப் பறிப்பது முனிவருக்குத் தவம் என்கிறீர்கள். நான் மாதந்தோறும் மேலுதட்டு மயிரை நூலால் பறித்துக்கொள்கிறேன். அதை மட்டும் உடற்பற்று என்று வீட்டில் கடிகிறார்கள். பறிப்பது ஒன்றுதானே, தாத்தா?" என்று வாசித்தவரை வினவினாள். அவையில் சிலர் சிரித்தனர். வாசித்த பெரியவரோ, "உடம்பே மலக்குடம், அம்மா. அதற்கு ஒப்பனை எதற்கு?" என்று கூறி அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டார். அதன்பின் அப்பெண் வாய் திறக்கவில்லை.

அவள் கேட்டது குறும்பு வினா அன்று. விடை பெறத் தக்க வினா. நாற்பது ஆண்டுகளுக்கு அணித்தாய் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில், விடை பெறாத வினா ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன ஆகும் என்பதை நான் அறிவேன். அது அவமானமாக மாறி அங்கேயே தங்கிவிடும்.

முதலில் கேசலோசம் யாது என்று தெளிவோம். இரண்டு திங்களுக்கு ஒருமுறை செய்வது உத்தமம். மூன்று திங்களுக்கு ஒருமுறை செய்வது மத்திமம். நான்கு திங்கள் கடைசி எல்லை. அன்று உண்ணாநோன்பு. பிடி வழுக்காதிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலைமயிரையும் தாடி மீசையையும் திகம்பர முனிவர் தம் கையாலேயே பறித்து எடுப்பர். ஆர்யாங்கனைகளும் அவ்வாறே தலைமயிர் களைவர். ஆதிபகவன் ஐந்து பிடியாகக் கேசம் களைந்து துறவு பூண்டார் என்பது நம் மரபு. இதற்குப் பெரியோர் கூறும் காரணங்கள் எளியவை. சவரக்கத்தி வைத்துக்கொண்டால் அது உடைமை ஆகும். நாவிதரை நாடினால் கூலிக்காகப் பிறரை இரக்க நேரும். வளரவிட்டால் பேனும் ஈரும் பல்கி, சொறியுந்தோறும் அவ்வுயிர்கள் மடியும். உடைமையின்மை, இரவாமை, இன்னா செய்யாமை ஆகிய மூன்றையும் காத்தற்பொருட்டே அவ்வலி ஏற்கப்படுகிறது. மயிர் இழிவானது, பார்ப்பவர் கண்ணுக்கு அழகற்றது என்பது அக்காரணங்களுள் எங்கும் இல்லை. இதனை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

இனி அழகு நிலையத்தைப் பார்ப்போம். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை வரை தெருவுக்கு ஒன்று காண்கிறோம். திரெட்டிங் என்ற பெயரில், பருத்தி நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மயிரை வேரோடு பற்றி இழுக்கிறார்கள். கண்ணில் நீர் பெருகும். மூன்று நான்கு வாரங்களில் மீண்டும் முளைக்கும். செயலளவில் அப்பெண் சொன்னது முற்றிலும் சரியே. வேறுபாடு பரிணாமத்தில், அதாவது உள்ளத்தின் நிலையில் இருக்கிறது. முனிவர் எவர் பார்வைக்கும் அஞ்சாதவராகி அதனைச் செய்கிறார். இவளோ எல்லார் பார்வைக்கும் அஞ்சிச் செய்கிறாள். அழகின்மேல் ஆசை வைத்துச் செய்பவர்களும் இருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் நான் கண்ட பெண்களுள் பெரும்பாலோர் அழகியாக விளங்க வேண்டும் என்று அங்குச் செல்லவில்லை. எவரும் தம்மை உற்று நோக்காதிருந்தால் போதும் என்றே செல்கின்றனர். அத்தகையவளை உடற்பற்று உடையாள் என்று கடிதல், காய்ச்சலுக்குக் கஞ்சி குடிப்பவனைப் போசனப்பிரியன் என்பது போலாகும்.

நம் குடும்பங்கள் வந்தவாசி, ஆரணி, சேத்துப்பட்டு, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டுத் தாம்பரம், குரோம்பேட்டை, ஆதம்பாக்கம் என்று வந்து குடியேறி இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகின்றன. ஊரில் இருந்தபோது நம் தாய்மார் கிணற்றடியில் மஞ்சள் உரைத்து முகத்தில் பூசிக் குளித்தனர். அதனால் உரோமம் மட்டுப்படும் என்று நம்பினர். பச்சிளங் குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் பிசைந்த மாவை உருட்டித் தேய்த்து மென்மயிர் போக்கிய பாட்டிமாரை எவரும் பற்றுடையார் என்று பழித்ததில்லை. வீட்டுக்குள் மஞ்சளால் செய்தபோது ஒழுக்கமாக இருந்தது, கடையில் நூலால் செய்யும்போது ஒழுக்கக்கேடு ஆயிற்று என்றால், நம் மனக்குறை பணச் செலவைப் பற்றியதா, அறத்தைப் பற்றியதா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தார்க்கு நூல்கள் என்ன விதிக்கின்றன? அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. இப்பன்னிரண்டில் முகத்து மயிரைக் களைக என்றோ களையற்க என்றோ ஒரு சொல்லும் இல்லை. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் போசத உபவாச நாளுக்கு நியமம் கூறும்போது ஒப்பனை, நறுமணம், நீராட்டு, கண்ணுக்கு மை ஆகியவற்றை அன்று விலக்குமாறு கூறுகிறார். நோன்பு நாளில் விலக்குக என்று தனியே விதித்ததனால், ஏனைய நாள்களில் அவை இல்லறத்தார்க்குக் கடியப்படவில்லை என்பது பெறப்படுகிறது. போகப் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதமும் உண்டு. அவ்வளவைத் தனக்குத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். மருமகளுக்கு மாமியார் வகுத்துக் கொடுப்பது அவ்விரதத்தில் சேராது.

இப்போது அப்பெரியவர் கூற்றுக்கு வருகிறேன். உடம்பு தூய்மையற்றது என்ற சிந்தனை பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ஒன்று. அசுசி பாவனை என்பர். உண்மை, உயர்ந்த சிந்தனை. ஆனால் அது யார் உடம்பைக் குறித்து யார் சிந்திப்பது? தன் உடம்பைக் குறித்துத் தான் தனிமையில் சிந்திப்பது. அயலார் மகளின் முகத்தைப் பார்த்து அவையில் உரக்கச் சொல்லும்போது அதற்குப் பாவனை என்ற பெயர் பொருந்தாது. நிந்தை என்றே பெயர். தன் தட்டில் உணவைக் குறைத்துக்கொள்பவன் தவசி. பிறன் தட்டிலிருந்து எடுப்பவனை நாம் அப்பெயரால் அழைப்பதில்லை.

பிறர் உடம்பைக் குறித்து நாம் கொள்ள வேண்டிய நிலை வேறோர் இடத்தில் கூறப்பட்டுள்ளது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது நிர்விசிகித்சை. இரத்தினகரண்டகத்தைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு அதனை உவர்ப்பின்மை என்கிறது. உடம்பு இயல்பில் தூய்மையற்றது; மும்மணிகளால் தூய்மை பெறுவது; ஆதலின் உடம்பைக் கண்டு அருவருக்காமல் குணத்தின்பால் அன்பு கொள்க என்பது கருத்து. அவ்வுறுப்பில் சிறந்தவனாகச் சுட்டப்படுபவன் உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்கக் கருதிய தேவன் ஒருவன், நோயால் உடல் கெட்ட முனிவர் வடிவில் வந்து உணவேற்று, உண்டதை அங்கேயே உமிழ்ந்தான். மன்னன் மூக்கைப் பொத்தவில்லை. நான் அளித்த உணவு இவருக்கு ஒவ்வாமற் போயிற்றே என்று வருந்தி, தன் கையாலேயே தூய்மை செய்தான். பாலபோதினி வகுப்பில் இக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லி முடித்துவிட்டு, வீட்டு வாசலில் நின்று, "அவளுக்கு மீசையைப் பார்த்தாயா?" என்றும் பேசுகிறோம்.

உவர்ப்பின்மை முனிவர் திருமேனியைக் குறித்தே சொல்லப்பட்டது. எல்லார் உடம்புக்கும் அதனை நீட்டலாகாது என்று வாதிடுவோர் உளர். சொல்லை இறுகப் பற்றினால் அவ்வாறும் கொள்ளலாம். எனினும் அங்கே கூறப்பட்ட காரணத்தை நோக்க வேண்டும். எல்லா உடம்பும் இயல்பில் ஒரே தன்மையது என்பதே காரணம். எல்லாம் ஒரு தன்மையதாக இருக்க, ஒருத்தியின் மேலுதட்டை மட்டும் தனியே எடுத்து அருவருப்பது அறிவுக்கு ஒத்ததாகுமா? மேலும், மோகனீய வினையின் பகுப்பில் நோகஷாயங்கள் ஒன்பது. நகை, விருப்பு, வெறுப்பு, துயர், அச்சம், அருவருப்பு, மூவகை வேதம் என்பன அவை. நகையும் அருவருப்பும் ஒரே பட்டியலில் நிற்கக் காண்கிறோம். இவை நோக்குபவனைப் பற்றிய வினைகள். நோக்கப்படும் பெண்ணின் கணக்கில் அவை ஏறுவதில்லை.

"அது அவள் வினைப்பயன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவோரும் உண்டு. உடம்பின் வடிவும் நிறமும் உறுப்பமைப்பும் நாமவினையால் அமைவன என்பது நம் கொள்கை. ஆனால் அது அனைவர்க்கும் பொது. ஊர் மெச்சும் முகமும் நாமவினையே. கேவலஞானம் எய்திய பெருமானுக்கு நகமும் கேசமும் வளர்வதில்லை என்று அதிசயங்களுள் ஒன்றாகக் கூறுவர். அந்நிலை எய்தாத நம் அனைவர்க்கும் எங்கேனும் ஓரிடத்தில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பிறர்க்குத் துக்கம், சோகம், தாபம், அழுகை ஆகியவற்றை விளைத்தல் அசாதா வேதனீய வினையை வரவழைக்கும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் தெளிவாகக் கூறுகிறது. வினைக்கொள்கையை வாயில் வைத்துக்கொண்டே ஒரு பெண்ணை அழவைப்பவர், அக்கொள்கையின் பாதியை மட்டும் படித்தவர்.

இம்மயிர் ஏன் முளைக்கிறது என்பதையும் சற்றுக் கூற வேண்டும். நம் மகளிர் பலர் இதனை ஏதோ குற்றத்தின் அடையாளம்போல் மறைக்கின்றனர். முகமெங்கும் மயிர்க்கால்கள் பிறவியிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ளன. பெண்ணுக்கு அவற்றில் பூனைமயிர் இருக்கும். ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்பு மிகும்போதோ, மயிர்க்கால் அதற்கு மிகுதியாக இணங்கும்போதோ, பூனைமயிர் தடித்த கருமயிராக மாறுகிறது. அச்சுரப்பு எல்லாப் பெண்கள் உடம்பிலும் சிறிதளவு இயல்பாக உண்டு. சில குடும்பங்களில் வழிவழியாக வரும். மாதவிலக்கு நின்றபின் என் வயதொத்தவர்க்கு மோவாயில் இரண்டொன்று முளைப்பது மிகச் சாதாரணம். இளம்பெண்களிடம் பெரும்பாலும் காரணமாவது, இன்று பி.சி.ஓ.எஸ். என்று வழங்கும் சினைப்பைக் கோளாறு. சிகாகோ நகர மருத்துவர் ஸ்டெயின், லெவந்தால் இருவரும் 1935-ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர். கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இஃது இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். தமக்கு இருப்பதை அறியாதவர்களே மிகுதி. மாதவிலக்குத் தவறுதல், உடல் பருத்தல், முகப்பரு, பிற்காலத்தில் சர்க்கரை நோய் என்று இது தொடரக்கூடியது. ஆகவே மகளின் முகத்தில் மயிர் மிகுவதைக் காணும் தாய் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவரிடம். அழகு நிலையம் பிறகு இருக்கட்டும். சில மாதங்களுக்குள் திடீரென அடர்ந்து, குரலும் தடித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது; சுரப்பிகளில் கட்டி இருக்கக்கூடும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உடையோர்க்கு, 2005 முதல் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கும் முதலில் நோயறிதல் நடக்கட்டும்.

மழித்தால் மயிர் தடித்து வளரும் என்ற அச்சம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்து, அவ்வாறு ஆவதில்லை என்று காட்டிவிட்டார். நுனி வெட்டப்பட்ட மயிர் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிவதே இந்நம்பிக்கைக்கு மூலம்.

வகுப்பறையில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவியருள் ஆண்டுக்கு ஓரிருவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுவர். விடை நன்கு தெரியும், எழுந்து நிற்கமாட்டார்கள். கரும்பலகைக்கு அழைத்தால் தாவணித் தலைப்பை உதட்டருகே பிடித்துக்கொண்டு வருவார்கள். நாடகத்தில் ஆண்வேடம் என்றால் மற்றப் பிள்ளைகள் அவளைச் சுட்டி, "அவளுக்கு ஒட்டுமீசை வேண்டாம், டீச்சர்" என்பர். கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பையே நிறுத்திக்கொண்டாள். வீட்டில் கூறிய காரணம் வேறு. அவள் என்னிடம் கூறிய காரணம் மின்சார ரயிலில் நாள்தோறும் எதிரே அமர்பவர்களின் பார்வை.

இஃது அந்தக் காலத்துக் கதை என்று எண்ண வேண்டா. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரப்பிரதேச மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மாணவி நூற்றுக்கு 98.5 விழுக்காடு பெற்று மாநிலத்திலேயே முதலிடம் எய்தினாள். அவள் புகைப்படம் வெளியான உடனே, நாடெங்கிலுமிருந்து முன்பின் அறியாதவர்கள் அவள் முகத்து மயிரைக் குறித்து எள்ளி எழுதத் தொடங்கினர். ஓரிரு மதிப்பெண் குறைந்திருந்தால் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருப்பேனே என்ற கருத்தில் அக்குழந்தை செய்தியாளரிடம் பேசினாள். ஆசிரியையாக இருந்த எவர்க்கும் இச்சொல் நெஞ்சைப் பிளக்கும். சவரப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று ஆறுதல் கூறும் பாவனையில் அவள் பெயரை விளித்து விளம்பரம் வெளியிட்டுக் கண்டனத்துக்கு ஆளானது வேறு. அவள் பெயர் ஊரறிந்ததே ஆயினும் இங்கு எழுதாமல் விடுகிறேன். போதிய அளவு எழுதியாயிற்று.

இதனை ஹிம்சை என்று கூறலாமா? கூறலாம் என்பதே என் துணிபு. பிரமத்த யோகத்தால், அதாவது கஷாய வயப்பட்ட மனம் மொழி மெய்களால், பிராணன்களுக்கு ஊறு விளைத்தல் ஹிம்சை என்று இலக்கணம் வகுத்துள்ளனர். பிராணன்கள் பத்து. அவற்றுள் மனோபலமும் வசனபலமும் உண்டு. விடை தெரிந்த பிள்ளையை வாய் மூடவைப்பது வசனபலத்துக்குச் செய்த ஊறன்றி வேறென்ன? எறும்பு மிதிபடாமல் நிலம் நோக்கி நடக்கிறோம். சூரியன் மறையுமுன் உண்கிறோம். நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். இவ்வளவு நுண்ணிய கவனமுடைய சமூகம் தன் பெண்பிள்ளையின் முகத்தைப் பற்றி வாயை வடிகட்டாமல் பேசுகிறது என்றால் வியப்பாகவே இருக்கிறது.

நமக்கு இதில் தனிக் கடமை உண்டு என்றும் கருதுகிறேன். மயிரைக் குறித்து ஏளனம் பெற்ற சமூகம் நாம். நம் முனிவர்களின் மயிர் பறித்த தலையும் ஆடையற்ற உடம்பும் தேவாரப் பாடல்களில் எத்தனை இடங்களில் எள்ளி நகையாடப்பட்டன என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். அக்காலத்தில் தெருவில் நடந்த முனிவர்களும், வேடல் கல்வெட்டில் மாணாக்கியர் 500 பேரோடு குறிக்கப்பெறும் கனகவீரக் குரத்தியார் போன்ற பெண் துறவியரும், எத்தகைய பார்வைகளைக் கடந்து நடந்தார்கள் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். உடம்பை வைத்து ஒருவரை அளக்கும் பழக்கத்தால் துன்புற்றோரின் வழித்தோன்றல்கள், அதே கோலால் தம் பிள்ளையை அளக்கலாமா?

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் சினங்கொண்ட இடம் பலர்க்கும் நினைவிருக்கும். காவிரியின் தென்கரைச் சோலையில் காமுகன் ஒருவனும் பரத்தை ஒருத்தியும் வந்து, கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசினர். கண்ணகி நடுங்கிக் காதைப் பொத்திக்கொண்டாள். வழியெல்லாம் உயிர்களுக்கு ஊறு நேராமல் அடியெடுத்து வைத்த அத்தவமூதாட்டி, அவ்விருவரையும் முள்ளுடைக் காட்டில் நரிகளாகுமாறு சபித்தார். பிறகு கண்ணகியும் கோவலனும் இரங்கி வேண்டவே, அச்சாபத்தைப் பன்னிரண்டு திங்களாகச் சுருக்கினார். துறவிக்குச் சினம் தகுமோ என்று வகுப்பில் மாணவியர் கேட்பதுண்டு. தகாது என்றே நானும் கூறுவேன். ஆயினும் இளங்கோவடிகள் அங்கே அச்சினத்தை வைத்திருப்பது, ஒரு பெண்ணைச் சொல்லால் இழிப்பதைச் சிறு குற்றமாக அவர் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது. நடுங்கி நின்றவளிடம், "பொறுத்துக்கொள், உடம்பு நிலையற்றது" என்று கவுந்தியடிகள் உபதேசிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனவே களைய விரும்புபவள் களையட்டும். அவள் எண்ணிப் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. தன் உடம்புக்கு இன்னா செய்யாதிருத்தல் முதலாவது. 1920-களில் அமெரிக்காவில் டிரைக்கோ என்ற பெயரில் எக்ஸ்-கதிரால் முகமயிர் போக்கும் நிலையங்கள் பெருகின. வலியில்லை என்பதால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்றனர். ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கிப் புண்ணாகிப் பலர்க்குப் புற்றுநோய் கண்டது. 1930-களின் தொடக்கத்தில் கோரெம்லு என்ற களிம்பு விற்றது. அதில் எலிப்பாடாணமாகப் பயன்படும் தாலியம் கலந்திருந்தமையால், பூசியவர்கள் நரம்பு கெட்டு முடங்கினர். வெட்கம் ஒரு பெண்ணை எதை வேண்டுமானாலும் முகத்தில் பூசிக்கொள்ளச் செய்யும் என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன். இந்நாளில் லேசர் சிகிச்சை பாதுகாப்பானதே. ஆயினும் நம்போன்ற கருநிறத் தோலுக்கு ஏற்ற அலைநீளமுடைய கருவி வேண்டும். இல்லையேல் தழும்பும் கருமையும் ஏற்படும். தோல் மருத்துவர் மேற்பார்வையில் செய்வதே நன்று. நரைமயிரில் அது பலிக்காது. ஆகவே என்போன்ற கிழவியர் பணத்தைச் செலவிட வேண்டா.

பிற உயிர்க்கு இன்னா செய்யாதிருத்தல் அடுத்தது. அழகு நிலையங்களில் உருக்கிப் பூசி இழுக்கும் மெழுகில் தேனும் தேன்மெழுகும் கலந்தவை உண்டு. தேன், ஊன், கள் மூன்றையும் விலக்கியவர்கள் அதனைக் கேட்டறிந்து விலக்க வேண்டும். சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் காய்ச்சி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நூலுக்கோ எவ்வுயிரும் மடிவதில்லை. ஒப்பனைப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதையும், அவ்வாறு சோதித்த பொருள்களை இறக்குமதி செய்வதையும் இந்திய அரசு 2014-ஆம் ஆண்டில் தடை செய்தது. அதனால் நம் கவலை ஓரளவு குறைந்துள்ளது.

களைய விரும்பாதவளும் இருக்கலாம். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயின்ற சீக்கிய மாணவி ஒருவரின் படத்தை எவரோ ஒருவர் மறைவாக எடுத்து, அவர் முகத்து மயிரை ஏளனம் செய்து உலகெங்கும் பரப்பினார். அம்மாணவி சினவாமல், இறைவன் தந்த உடம்பை அவ்வாறே காத்தல் தம் சமயநெறி என்று அமைதியாக விளக்கி எழுதினார். ஏளனம் செய்தவரே வருந்தி மன்னிப்புக் கேட்டார். கேசத்தைக் காப்பது அவர்கள் நெறி. கேசத்தைக் களைவது நம் துறவியர் நெறி. இரண்டும் தாமே விரும்பி ஏற்றவை. நம் வீட்டுப் பெண்ணுக்கும் அவ்விருப்பம் இருக்கட்டும். இருபது வயதில் நூல் வைத்துக்கொண்டவள் நாற்பது வயதில் போதும் என்று விட்டுவிடலாம். அது அவளுடைய பரிணாமம் முதிர்ந்த நேரம்; பிறர் கடிகாரத்தில் அது தெரியாது.

பெண் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தில், பெண்ணைப் பார்த்துச் சென்ற பிள்ளை வீட்டார், "வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். என்ன பார்த்தார்கள் என்பது அப்பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதன்பின் ஆலயத்தில் அபிடேகம் காண முன்வரிசையில் நிற்பதில்லை. விளக்கொளி குறைந்த பின்புறத் தூணருகே நிற்கிறாள் என்று அவள் தாய் கூறினார். அருகப் பெருமான் திருமுன்னர் ஒளிக்கு அஞ்சி ஒருத்தி நிற்கிறாள் என்றால், குற்றம் அவள் முகத்தில் இல்லை.

ஆசிரியர் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்விதழின் பின்பக்கத்தில் வரும் மணமக்கள் தேவை விளம்பரங்களில் "அழகிய", "சிவந்த நிறமுடைய", "குறையற்ற தோற்றமுடைய" என்ற அடைமொழிகள் பெண்ணுக்கு மட்டும் வருகின்றன. பிள்ளைக்குப் படிப்பும் சம்பளமும் மட்டும் வருகின்றன. எட்டு மதங்களுள் உடல் வனப்பால் வரும் செருக்கும் ஒன்று என்று நடுப்பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதனையே கேட்டு விளம்பரம் ஏற்பது பொருந்தவில்லை. அடுத்த இதழ் அச்சுக்குச் செல்லுமுன், இவ்வடைமொழிகளை நீக்கிப் பெயர், ஊர், வயது, கல்வி, பணி ஆகியவற்றை மட்டும் வெளியிடும் வழக்கத்தைக் குழுவினர் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.